கடல் கடந்து சட்டம் பயில்வோர்

நெய்யாறு கடலோடு கலக்கும் ஊர் பூவார். அதற்குக் கிழக்கே பாறசாலை; அதனை அடுத்துக் களியக்காவிளை. முன்னது கேரளம், பின்னது தமிழ்நாடு. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. களியக்காவிளை சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. ஒரே குடும்பத்தார்க்கு எல்லையின் இருபுறமும் நிலம் இருப்பின், ஒன்றுக்கு ஒரு மாநிலத்துச் சட்டம், மற்றொன்றுக்கு மற்றொரு மாநிலத்துச் சட்டம். சட்டம் என்பது மண்ணோடு ஒட்டியது என்னும் உண்மையை இவ்வூரார்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

இப்பகுதியில் பிறந்து வெளிமாநிலத்தில் தொழில்புரியும் அன்பர் ஒருவர் அண்மையில் எனக்கு எழுதியிருந்தார். தென்னந்தோப்பை ஈடு வைத்தேனும் தம் மகளை லண்டனுக்கு அனுப்பிச் சட்டம் பயிற்றுவிப்பது அவர் எண்ணம். “படித்துத் திரும்பினால் நெய்யாற்றின்கரை நீதிமன்றத்தில் வழக்காடலாம் அல்லவா?” என்று கேட்டிருந்தார். பிள்ளைகளைப் பெற்ற நேயர்கள் பலர்க்கும் இவ்வினா பயன்படும்.

முற்காலத்தில் இதற்கு விடை எளிது. 1888இல் இங்கிலாந்து சென்ற காந்தியடிகள் 1891 ஜூன் 10ஆம் நாள் பாரிஸ்டர் ஆனார். ஜூன் 12ஆம் நாள் கப்பலேறினார். அந்தப் பட்டமே இந்தியாவில் வழக்காடப் போதுமானதாயிருந்தது. ஆயினும் இந்து சட்டத்தையும் முகம்மதியர் சட்டத்தையும் தாம் கற்றிருக்கவில்லை என்றும், வழக்கு மனு ஒன்று எழுதவும் அறியவில்லை என்றும் அவரே தம் சுயசரிதையில் கூறியுள்ளார். உரிமை கைக்கு வந்தது. இந்நாட்டுச் சட்ட அறிவு வரவில்லை.

இன்று அவ்வுரிமையும் தானாக வருவதில்லை. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின்படி, 1976 டிசம்பர் 31ஆம் நாளுக்குள் பாரிஸ்டர் ஆனவர்க்கே அப்பட்டத்தைக் கொண்டு பதிவு பெறும் தகுதி உண்டு. பிறர் பெறும் வெளிநாட்டுச் சட்டப் பட்டத்தை இந்திய பார் கவுன்சில் ஏற்றிருத்தல் வேண்டும். ஏற்ற பின்னரும், இந்தியச் சட்டங்களில் கவுன்சில் நடத்தும் தகுதித் தேர்வில் தேறுதல் வேண்டும். அதன் பிறகே மாநிலப் பார் கவுன்சிலில் பதிவு.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. இந்தியாவில் பள்ளிப் படிப்புக்குப் பின் ஐந்தாண்டு, அல்லது ஒரு பட்டத்துக்குப் பின் மூன்றாண்டு சட்டம் பயில்கின்றனர். இங்கிலாந்திலோ பள்ளி முடித்தவுடனேயே மூன்றாண்டில் எல்.எல்.பி. பெறலாம். இக்கால அளவு நம் விதிக்குப் பொருந்தாமையின், அவ்வாறு பயின்றவர் இங்கு இணைப்புப் படிப்பும் படிக்க நேரிடலாம். விரைவில் முடியும் என்று நம்பிய படிப்பு இவ்வாறு நீளும். தபால்வழிப் பட்டமோ பதிவுக்கு உதவாது.

ஆகவே, “எந்தப் பல்கலைக்கழகம்?” என்று கேட்குமுன், “எந்த மண்ணில் வழக்காடப் போகிறாய்?” என்று பிள்ளையைக் கேட்டல் நன்று. அந்நாட்டிலேயே தொழில்புரிய விரும்பினால் அங்கேயே பயிலலாம். ஆனால் அங்கும் பட்டத்துக்கு மேல் தனித் தேர்வும் பயிற்சியும் உண்டு. இங்கு வழக்காட விரும்பினால், இந்தியாவில் சட்டப் படிப்பை முடித்துப் பதிவு பெற்று, பின்னர் முதுகலைப் படிப்புக்குச் செல்வது சிக்கலற்ற வழி. இங்கிலாந்தில் அதற்குப் பெரும்பாலும் ஓராண்டே ஆகும். செலவும் அந்த அளவுக்குக் குறையும். சர்வதேச வாணிகச் சட்டம், மத்தியஸ்தம் முதலிய துறைகளில் அக்கல்வி பெரிதும் உதவும்.

அன்பர்க்கு நான் எழுதிய மறுமொழி இதுவே: கல்லூரியின் விளம்பரத்தை மட்டும் நம்பற்க, அப்பட்டத்துக்கு ஏற்பு உண்டா என்பதைப் பார் கவுன்சிலுக்கு எழுதிக் கேட்டு, விடையை எழுத்தில் பெறுக. அது கைக்கு வரும்வரை தோப்பின் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும்.