கொல்லப்பட்டவளின் பெயர் என்ன?

சென்ற மாதம் ஒருநாள் மதரஸாவில் 'தக்வீர்' அத்தியாயத்தின் விளக்கத்தை நடத்திக்கொண்டிருந்தேன். அறியாமைக் காலத்து அரபியர் உயிரோடு புதைத்த பெண் குழந்தையிடம், அது எக்குற்றத்துக்காகக் கொல்லப்பட்டது என மறுமையில் கேட்கப்படும் என்ற இடம் வந்தது. பதினான்கு வயது மாணவன் ஒருவன் எழுந்து, "ஹஜ்ரத், கொன்றவனை அல்லவா விசாரிக்க வேண்டும்? செத்துப்போன பிள்ளையை ஏன் கேட்கிறார்கள்?" என்றான்.

நல்ல கேள்வி. கொன்றவன் முகம் கொடுத்துப் பேசவும் தகுதியற்றவனாக ஒதுக்கப்படுகிறான் என்பது விரிவுரையாளர்கள் தரும் விளக்கங்களுள் ஒன்று. உலகில் வாய் திறக்க வாய்ப்பே கிடைக்காத அந்தக் குழந்தைக்குத்தான் இறைவனின் மன்றத்தில் முதலில் பேசும் உரிமை தரப்படுகிறது. இதைச் சொல்லி முடித்ததும் மாணவர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன்: "லண்டனில் பெண்களைக் கொன்று திரிந்த ஒருவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?" நான்கைந்து பேர் ஒரே குரலில் "ஜாக் தி ரிப்பர்!" என்றார்கள். "அவன் கையால் மாண்டவர்களில் ஒருவரின் பெயரையாவது சொல்லுங்கள்" என்றேன். வகுப்பில் மௌனம் நிலவியது. அவர்கள் வயதில் என்னைக் கேட்டிருந்தாலும் நானும் மௌனமாகத்தான் இருந்திருப்பேன்.

அந்த மௌனத்தை நினைத்தே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பெயர் பெற்றவன்

1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் இறுதியிலிருந்து நவம்பர் வரை, லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் வைட்சேப்பலிலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஐந்து பெண்கள் கொடூரமாகக் கொல்லப்பட்டனர். கொன்றவன் அகப்படவில்லை. அவன் யார் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவுமில்லை. 'ஜாக் தி ரிப்பர்' என்பது, அந்தச் செப்டம்பர் மாதம் ஒரு செய்தி நிறுவனத்துக்கு வந்த கடிதத்தின் அடியில் இருந்த கையொப்பம். அக்கடிதத்தைக் கொலைகாரன் எழுதவில்லை, பரபரப்பை விரும்பிய பத்திரிகையாளர் ஒருவரே எழுதினார் என்று அக்காலக் காவல்துறை உயர் அதிகாரிகள் சிலரே கருதினர். அவ்வாறாயின், உலகமே அறிந்த அப்பெயர் வியாபாரத்துக்காகச் சூட்டப்பட்ட பெயராகும்.

அந்தப் பெயரை வைத்து எத்தனையோ நூல்களும் திரைப்படங்களும் வந்துவிட்டன. இரவு நேரங்களில் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிச்சென்று கொலை நடந்த இடங்களைக் காட்டுவோரும் அங்கு உண்டு. 2015ஆம் ஆண்டு கேபிள் தெருவில் பெண்களின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம் வரப்போகிறது என்று அப்பகுதி மக்கள் நம்பியிருந்தார்கள். திறந்தபோது பார்த்தால், அது அந்தக் கொலைகாரனின் பெயரைத் தாங்கிய அருங்காட்சியகமாக இருந்தது! மக்கள் வீதிக்கு வந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

பெயரிழந்தவர்கள்

அந்த ஐந்து பெண்கள் யார்?

முதலாமவர் மேரி ஆன் நிக்கல்ஸ், வயது 43. இரும்புக் கொல்லர் ஒருவரின் மகள். அச்சகத் தொழிலாளியை மணந்து ஐந்து பிள்ளைகளைப் பெற்றவர். மணவாழ்வு முறிந்ததும் குடிப்பழக்கமும் வறுமையும் அவரை ஏழையர் விடுதிகளுக்குத் துரத்தின. 1888ஆம் ஆண்டில் ஒரு வீட்டில் பணிப்பெண்ணாகச் சேர்ந்தபோது தம் தந்தைக்குக் கடிதம் எழுதினார். தாம் வேலை செய்யும் இடம் நல்ல இடம், வீட்டார் இறைப்பற்று உள்ளவர்கள் என்று சொல்லி, தந்தையின் பொறுப்பில் வளர்ந்த மகனுக்கு வேலை கிடைத்திருக்கும் என நம்புவதாகவும் அதில் குறிப்பிட்டிருந்தார். அந்த வேலையும் நிலைக்கவில்லை. ஆகஸ்ட் 31 அதிகாலையில், படுக்கைக்கு உரிய நான்கு பென்னி இல்லாததால் தங்கும் விடுதியிலிருந்து அனுப்பப்பட்ட அவர், சில மணி நேரத்தில் பக்ஸ் ரோ என்ற தெருவில் பிணமாகக் கிடந்தார். உள்பாவாடையில் இருந்த ஏழையர் விடுதி முத்திரையைக் கொண்டுதான் அவரை அடையாளம் கண்டார்கள்.

இரண்டாமவர் ஆனி சாப்மன். குதிரைப்படை வீரரின் மகள்; வண்டியோட்டி ஒருவரின் மனைவி. மூன்று பிள்ளைகளில் ஒருவர் உடற்குறையுடன் பிறந்தார். மூத்த மகள் 1882ஆம் ஆண்டில் 12ஆம் வயதில் மூளைக் காய்ச்சலால் இறந்தாள். அந்தத் துயரங்களினூடே குடும்பம் சிதைந்தது. பிரிந்த பின்னும் கணவர் வாரம் பத்து ஷில்லிங் அனுப்பிவந்தார். 1886ஆம் ஆண்டு இறுதியில் அவர் இறந்ததும் அதுவும் நின்றது. பின்னல் வேலை செய்தும் பூ விற்றும் ஆனி வயிறு வளர்த்தார். இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன் தோழி ஒருத்தி அவரைச் சந்தித்தபோது நோயால் வாடியிருந்தார். ஆயினும், தளர்ந்து உட்கார்ந்தால் ஆகாது, போய்ப் பணம் தேடாவிட்டால் படுக்க இடமிராது என்று சொன்னாராம். செப்டம்பர் 8 அன்று கொல்லப்பட்டார். நுரையீரலிலும் மூளைச் சவ்விலும் நோய் முற்றியிருந்ததையும், உடல் நெடுநாள் வறுமையால் வாடியிருந்ததையும் பரிசோதித்த மருத்துவர் விசாரணையில் தெரிவித்தார்.

மூன்றாமவர் எலிசபெத் ஸ்ட்ரைட், வயது 44. ஸ்வீடன் நாட்டு விவசாயக் குடும்பத்தில் பிறந்து, வீட்டு வேலைக்குச் சென்று, அங்கு வாழ்வு கெட்டு, 1866ஆம் ஆண்டில் லண்டனுக்கு வந்தவர். கணவருடன் சிறிது காலம் காப்பிக் கடை நடத்தினார். நான்காமவர் காதரின் எட்டோஸ், வயது 46. தகரத் தொழிலாளியின் மகள். பதினைந்து வயதுக்குள் தாயையும் தந்தையையும் இழந்தவர். இவ்விருவரும் செப்டம்பர் 30 அதிகாலையில் ஒரு மணி நேர இடைவெளிக்குள் கொல்லப்பட்டனர்.

காதரின் அதற்குச் சில நாள்களுக்கு முன்தான் கென்ட் மாவட்டத்தில் பயிர் பறிக்கும் கூலிவேலை முடிந்து கால்நடையாகத் திரும்பியிருந்தார். உணவுக்காக, உடன் வாழ்ந்தவரின் காலணியை அடகு வைத்தார். முதல்நாள் மதியம், மகளிடம் பண உதவி கேட்டு வருவதாகச் சொல்லிப் புறப்பட்டார். மகளோ முன்பே வீடு மாறிப் போயிருந்தாள். அன்றிரவு அவரிடம் இருந்த பொருள்களைக் காவல்துறை பட்டியலிட்டது: தேயிலையும் சர்க்கரையும் வைத்த தகர டப்பாக்கள், அடகுச் சீட்டுகள், கந்தைத் துணித் துண்டுகள், ஒற்றைக் கையுறை. வீடில்லாதவர் தம் வீட்டையே உடலில் சுமந்து திரிந்திருக்கிறார்.

ஐந்தாமவர் மேரி ஜேன் கெல்லி. வயது ஏறத்தாழ 25. அவர் பிறந்த ஊர், பெற்றோர் எதுவும் உறுதியாகத் தெரியவில்லை. 29 ஷில்லிங் வாடகைப் பாக்கி இருந்த ஒற்றை அறையில் நவம்பர் 9 அன்று மாண்டு கிடந்தார். அவரது அடக்கச் செலவை ஒரு தேவாலயப் பணியாளர் ஏற்றுக்கொண்டார். உறவினர் என்று ஒருவரும் வரவில்லை.

அந்த ஆண்டில் வைட்சேப்பலில் மட்டும் 233 பொது விடுதிகளில் ஒவ்வோர் இரவும் ஏறத்தாழ 8,500 பேர் தங்கினர் என்பது காவல்துறையின் கணக்கு. நான்கு பென்னிக்கும் தெருவுக்கும் இடையே ஊசலாடிய வாழ்வு அது. கத்தி ஏந்தியவன் ஒருவனே என்றாலும், அவர்களை நள்ளிரவில் அவன் முன் கொண்டுபோய் நிறுத்தியதில் செல்வம் கொழித்த ஒரு பேரரசின் கவனமின்மைக்கும் பங்கு உண்டு.

சுமத்தப்பட்ட பழி

இந்த ஐவரையும் உலகம் ஒரே சொல்லில் அடக்கிவிட்டது: 'விலைமாதர்'. 2019ஆம் ஆண்டில் ஹேலி ரூபன்ஹோல்ட் என்ற வரலாற்றாசிரியர் இந்த ஐவரின் வாழ்வை மட்டுமே ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். அவர்களுள் மூவர் அத்தொழிலில் ஈடுபட்டார்கள் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று அதில் வாதிட்டார். அவர் முடிவுகளை மறுக்கும் ஆய்வாளர்களும் உண்டு. ஆயினும், வீடற்ற பெண் இரவில் தெருவில் நின்றாலே அவள் இன்னாள்தான் என்று அன்றைய சமூகம் முடிவு கட்டிவிட்டதை அந்நூல் தெளிவாகக் காட்டியது.

நமக்கு இது புதிய பாடமன்று. கற்புள்ள பெண்மீது பழி சுமத்துவோர் நான்கு சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும்; இல்லையேல் அவர்களுக்கே எண்பது கசையடி, அவர்களின் சாட்சியம் என்றென்றும் ஏற்கப்படாது என்பது 'நூர்' அத்தியாயத்தின் சட்டம். ஒரு பெண்ணின் மானத்துக்கு இறைவன் இட்ட வேலி எவ்வளவு உயரமானது என்பதை எண்ணிப் பாருங்கள்.

சரி, அவர்களில் சிலர் அத்தொழிலில் இருந்தவர்களாகவே இருக்கட்டும். அதனால் அவர்களுடைய உயிரின் விலை குறைந்துவிடுமா? தாகத்தால் தவித்த நாய்க்குத் தன் காலணியில் நீர் மொண்டு கொடுத்த விலைமாது ஒருத்தியின் பாவங்களை அல்லாஹ் மன்னித்ததை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்துள்ளார்கள். ஒரு யூதரின் சவ ஊர்வலம் கடந்து சென்றபோது பெருமானார் எழுந்து நின்றார்கள். தோழர்கள் காரணம் கேட்டபோது, அதுவும் ஓர் உயிரல்லவா என்ற கருத்தில் பதிலளித்தார்கள். இறந்தோரை ஏசுவதையும் தடுத்தார்கள்.

அந்நியன் மீது விழுந்த சந்தேகம்

இக்கொலைகளுக்கு இன்னொரு வகையிலும் பலியானவர்கள் உண்டு. அப்போது வைட்சேப்பலில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து தப்பிவந்த ஏழை யூதர்கள் பெருந்தொகையாக வாழ்ந்தனர். ஆங்கிலேயன் இப்படிச் செய்யமாட்டான், வந்தேறிதான் செய்திருப்பான் என்ற பேச்சு பரவியது. யூதச் செருப்புத் தொழிலாளி ஜான் பைசர் கைது செய்யப்பட்டு, குற்றமற்றவர் எனத் தெரிந்தபின் விடப்பட்டார். யூதர்களைக் குறித்து ஒரு சுவரில் எழுதப்பட்டிருந்த வாசகத்தைக் கண்ட காவல்துறை ஆணையர், கலவரம் மூளும் என அஞ்சி விடியுமுன் அதை அழிக்கச் செய்தார். ஒருவன் செய்த குற்றத்துக்கு ஒரு சமுதாயமே கூண்டில் நிறுத்தப்படுவதன் வலியை இந்நாளில் நமக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

யூதர்கள் வாழ்ந்த அதே தெருக்களில் பிற்காலத்தில் வங்காள முஸ்லிம்கள் குடியேறினார்கள். அங்குள்ள பிரிக் லேன் பள்ளிவாசல், 1743ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கிறிஸ்தவ அகதிகள் கட்டிய ஆலயம், 1898இல் யூதர்களின் தொழுகைக்கூடமானது, 1976இல் பள்ளிவாசலானது. ஆனி சாப்மன் மாண்ட ஹன்பரி தெரு அதற்கு மிக அருகில்தான் இருக்கிறது.

அந்த வைட்சேப்பலில் 1978ஆம் ஆண்டு மே 4 மாலையில், தையல் தொழிலாளியான அல்தாப் அலி என்ற வங்காள இளைஞர், வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் இனவெறி கொண்ட இளைஞர்களால் குத்திக் கொல்லப்பட்டார். பத்து நாள் கழித்து அவருடைய சவப்பெட்டியின் பின்னே ஏறத்தாழ 7,000 பேர் பிரதமரின் இல்லம் நோக்கி நடந்தனர். வைட்சேப்பலுக்கு அப்பெயரைத் தந்த வெண்ணிற தேவாலயம் இருந்த இடத்தில் ஒரு பூங்கா இருக்கிறது. 1998ஆம் ஆண்டில் அதற்கு அல்தாப் அலி பூங்கா என்று பெயர் சூட்டினார்கள். அவரைக் கொன்றவர்களின் பெயர் அவ்வழியே நடப்போருக்குத் தெரியாது. அவர் பெயர் குழந்தைகளுக்கும் தெரியும்.

ஒரே வட்டாரம். 1888இல் கொன்றவன் பெயர் நின்றது. 1978இல் கொல்லப்பட்டவர் பெயர் நின்றது. அல்தாப் அலிக்காக நடக்க ஒரு சமுதாயம் இருந்தது. அந்த ஐவருக்கு அப்படி ஒரு சமுதாயம் இருக்கவில்லை. 2019ஆம் ஆண்டு மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் ஷஹீதாக்கப்பட்டபோது, அந்நாட்டுப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் கொலையாளியின் பெயரைத் தாம் ஒருபோதும் உச்சரிக்கப் போவதில்லை என்று அறிவித்தார். மாண்டவர்களின் பெயர்களைச் சொல்லுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். முஸ்லிம் அல்லாத ஒரு பெண்மணி நமக்கு நினைவூட்டிய நல்லொழுக்கம் அது.

நம் வீட்டுத் திண்ணையில்

சகோதர, சகோதரிகளே! லண்டனைப் பேசுவது எளிது. நம் ஊரில் ஒரு பெண் கொலையுண்டாள் என்ற செய்தி வந்தால் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி என்ன? "அந்த நேரத்தில் அவள் ஏன் அங்கே போனாள்?" "நடத்தை எப்படியோ?" அவளைக் கொன்றவன் கத்தியால் ஒருமுறை கொன்றான், நாம் நாவினால் பலமுறை கொல்கிறோம். கைப்பேசியில் வரும் அவளது படத்தை ஒரு கணமும் சிந்திக்காமல் அடுத்தவருக்கு அனுப்புகிறோம். பாலியல் கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். முந்தைய தண்டனைச் சட்டத்திலும் அவ்வாறே இருந்தது. சட்டத்துக்கு அஞ்சாவிட்டாலும், நன்மை தீமைகளை எழுதும் மலக்குகளுக்கு அஞ்ச வேண்டாமா?

குற்றச் செய்தியைப் படிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. படிக்கும்போது யாருடைய பக்கம் நின்று படிக்கிறோம் என்பதே கேள்வி. அவளுக்கும் ஒரு தாய் உண்டு, பிள்ளைகள் உண்டு, அன்று இரவு சமைக்க எண்ணியிருந்த உணவு உண்டு என்று நினைத்துப் படித்தால், அவள் நடத்தையை அலசும் பேச்சு நம் வாயில் வராது.

மறுநாள் வகுப்புக்கு வந்த அந்த மாணவன் நான் கேட்காமலே ஐந்து பெயர்களையும் ஒப்பித்தான். கடைசிப் பெயரில் மட்டும் தடுமாறினான். நான் எடுத்துக் கொடுத்தேன்: மேரி ஜேன் கெல்லி.