பிறந்த குழந்தைகளில் திடீர் சிறுநீரகச் செயலிழப்பு

பிறந்து 28 நாட்களுக்குள், ஒரு குழந்தையின் சிறுநீரகங்கள் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ செயல்திறனை இழந்து, நீரும் உப்புகளும் கழிவுகளும் உடலில் தேங்கும் நிலை திடீர் சிறுநீரகச் செயலிழப்பு எனப்படும். பெரும்பாலும் இது வேறொரு பாதிப்பின் விளைவாகவே வருகிறது. அந்த மூலகாரணத்தை விரைந்து சரிசெய்தால் பல குழந்தைகளுக்குச் சிறுநீரகம் மீண்டும் இயங்கத் தொடங்கும்.

இந்தியா உட்பட 4 நாடுகளின் 24 மருத்துவமனைகளில் நடந்து, 2017-இல் வெளியான ஆய்வொன்றில், தீவிர சிகிச்சை பெற்ற 2,022 பச்சிளம் குழந்தைகளில் 605 பேருக்கு இப்பாதிப்பு காணப்பட்டது. பாதிப்பு இருந்தவர்களில் 9.7 விழுக்காட்டினரும், இல்லாதவர்களில் 1.4 விழுக்காட்டினரும் இறந்தனர்.

காரணங்கள்

* சிறுநீரகத்திற்கு இரத்த ஓட்டம் குறைதல்: பிறப்பின்போது மூச்சுத்திணறல், இரத்தத்தில் கிருமித்தொற்று, இதயக் குறைபாடு, தாய்ப்பால் போதாமல் ஏற்படும் நீரிழப்பு.
* சிறுநீரகத் திசு பாதிப்பு: நீடித்த இரத்த ஓட்டக் குறைவு, சிறுநீரகச் சிரையில் இரத்தக்கட்டி, ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற மருந்துகள்.
* சிறுநீர்ப் பாதை அடைப்பு: ஆண் குழந்தைகளின் சிறுநீர்க் குழாயில் பிறவியிலேயே அமையும் தடுப்புச் சவ்வு.

சிறுநீரக வடிகட்டிகளான நெஃப்ரான்கள் உருவாவது கருவின் சுமார் 34 முதல் 36 வாரங்களில்தான் முடிகிறது. ஆகவே குறைமாதக் குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம்.

அறிகுறிகள்

பெரும்பாலான குழந்தைகள் முதல் 24 மணி நேரத்தில் சிறுநீர் கழித்துவிடும். 48 மணி நேரம் கடந்தும் கழிக்காவிட்டால் உடனே ஆராய வேண்டும். ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 1 மி.லி.-க்குக் குறைவான சிறுநீர் எச்சரிக்கைக் குறியாகும். உடல் வீக்கம், பால் குடிக்காமை, அளவுக்கு மீறிய சோர்வு, வலிப்பு ஆகியவையும் தோன்றலாம். ஆனால் சில குழந்தைகளுக்குச் சிறுநீர் அளவு குறையாமலேயே பாதிப்பு இருக்கும்.

கண்டறிதல்

இரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் அளவே முக்கிய சோதனை. பிறந்தவுடன் எடுக்கும் அளவு தாயின் அளவையே காட்டுவதால், ஒரே சோதனையை நம்ப முடியாது. அது நாளடைவில் குறைய வேண்டும். மாறாக, 48 மணி நேரத்தில் டெசிலிட்டருக்கு 0.3 மி.கி. கூடினாலோ, முந்தைய குறைந்த அளவைப்போல் ஒன்றரை மடங்கானாலோ செயலிழப்பு எனக் கொள்வர். அடைப்பைக் கண்டறிய ஸ்கேன் உதவும்.

சிகிச்சை

நீரிழப்பு இருந்தால் நரம்பு வழியாகத் திரவம் செலுத்துவர். சிறுநீர் வராத நிலையில் திரவத்தைக் கட்டுப்படுத்துவர். தீங்கு செய்யும் மருந்துகளை நிறுத்துவர் அல்லது அளவைக் குறைப்பர். இதயத்தைப் பாதிக்கக்கூடிய பொட்டாசியம் உயர்வு உடனடி கவனத்திற்குரியது. இவற்றால் பயனில்லையெனில் டயாலிசிஸ் தேவைப்படும். வயிற்றறைக்குள் திரவத்தைச் செலுத்தி எடுக்கும் முறை, இரத்தக் குழாய்கள் மிகச் சிறியனவாக உள்ள பச்சிளம் குழந்தைகளுக்கு ஏற்றது.

வேலூர்ப் பகுதியில்

கோடையில் வெயில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டும் குடியாத்தம், ஆம்பூர் போன்ற ஊர்களில் நீரிழப்பைக் கவனிப்பது முக்கியம். முதல் வாரத்தின் இறுதியில் குழந்தை நாளுக்கு 6 முறையாவது சிறுநீர் கழிக்க வேண்டும். துணியில் செங்கல் நிறக் கறை தொடர்வதும், பிறப்பு எடையில் 10 விழுக்காட்டுக்கு மேல் குறைவதும் பால் போதாமையைக் காட்டலாம். சர்க்கரைத் தண்ணீர் தாய்ப்பாலுக்கு மாற்றாகாது.

அரசு மருத்துவமனைகளில் நோயுற்ற பச்சிளம் குழந்தைகளுக்கான சிகிச்சையும் போக்குவரத்தும் 2011-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின்கீழ் இலவசம். அவசரத்திற்கு 108 ஆம்புலன்ஸை அழைக்கலாம். வேலூரை அடுத்த அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. இந்தியச் சிறுநீரக மருத்துவத்தின் முன்னோடிகளுள் ஒன்றான கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் வேலூரிலேயே இயங்குகிறது.

பின்தொடர்தல்

குணமடைந்த குழந்தைகளுக்கும் பிற்காலத்தில் உயர் இரத்த அழுத்தம், நாட்பட்ட சிறுநீரக நோய் ஆகியவை வரக்கூடும். எனவே இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், கிரியேட்டினின் ஆகியவற்றை மருத்துவர் கூறும் கால இடைவெளியில் சோதிக்க வேண்டும்.