முதுகுத்தண்டில் பட்ட அடி மனத்தை வாட்டுவது ஏன்?

மரத்திலிருந்து தவறி விழுந்து, முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடம் சிதைந்துபோன ஒருவருக்கு, மூளையில் ஒரு கீறலும் இல்லாதபோது, உள்ளம் ஏன் இருண்டுபோகிறது என்று நீங்கள் யோசித்ததுண்டா?

ஏரியையும் வாய்க்காலையும் நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் நடுவில் உடைந்தால் கடைமடை வயல் காய்கிறதே தவிர, ஏரி வற்றுவதில்லை. அதுபோலவே ஆசையும் வெட்கமும் சுயமரியாதையும் சிரசுக்குள் நிரம்பியே இருக்க, காலை நோக்கிப் புறப்பட்ட ஆக்ஞை மட்டும் வழியிலே நின்றுவிடுகிறது.

உடைப்போ சும்மா இருப்பதில்லை. சேதமுற்ற நரம்புகள் பொய்ச் செய்தி அனுப்ப, தொட்டாலும் தெரியாத காலிலேயே தீப்பற்றியது போன்ற எரிச்சல் தோன்றி நித்திரையைக் குலைக்கிறது. சிறுநீர் கழிக்கவும் பிறர் கையை எதிர்பார்க்கும் சங்கடம், வேலையையும் நட்பையும் ஒவ்வொன்றாக விலக்குகிறது. வேதனை, விழிப்பு, தனிமை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று வளர்க்கவே, மனச்சோர்வு குடிகொள்கிறது.

ஆயினும் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதில்லை. வந்தாலும் சிகிச்சையால் தணியும். ‘இந்த நிலையில் அழுகை இயற்கைதானே’ என்று உறவினர் வாளாவிருப்பதைப் பெரும் பிழையென்றே கருதுகிறேன்.

மருந்தும் ஆலோசனையும் ஒருபுறமிருக்க, புதிய வாய்க்கால் வெட்டிக் காட்டியவர், இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944-இல் தண்டுவடக் காயப் பிரிவுக்குப் பொறுப்பேற்ற மருத்துவர் லுட்விக் குட்மன். படுக்கையே கதியெனக் கிடந்த போர்வீரர்களுக்கு அவர் தொழிலும் விளையாட்டும் பயிற்றுவித்தார். 1948 ஜூலை 29 அன்று, லண்டனில் ஒலிம்பிக் பந்தயங்கள் தொடங்கிய அதே தினத்தில், அந்த மருத்துவமனை வளாகத்தில் 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்லை வளைத்தனர்.