முகத்தில் முறிந்த எலும்பும் கணினியின் துணையும்: நாம் அறிந்திருக்க வேண்டியவை

மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கிய இளைஞன் ஒருவன் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டால், வீட்டார் முதலில் கேட்பது தலையில் அடி பட்டிருக்கிறதா என்பதைத்தான். தலைக்குள் இரத்தக்கசிவு இல்லை என்று வைத்தியர் சொன்னதும் எல்லோரும் நிம்மதியடைவார்கள். முகத்தில் வீக்கம்தானே, ஒரு கிழமையில் வற்றிவிடும் என்று சொல்லி வீட்டுக்கு அழைத்துச் செல்ல அவசரப்படுவோரும் உண்டு. வீக்கம் வற்றத்தான் செய்யும். ஆனால் அதன் பிறகுதான் ஒரு கன்னம் தட்டையாகிப் போயிருப்பதும், ஒரு கண் உள்வாங்கியிருப்பதும், மேலே அல்லது கீழே பார்க்கும்போது ஒரு பொருள் இரண்டாகத் தெரிவதும் கவனத்துக்கு வரும்.

முகம் என்பது ஒரே எலும்பு அல்ல. 14 எலும்புகள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும் அமைப்பு அது. சில இடங்களில் உறுதியான தூண்கள் போலவும், சில இடங்களில் காகிதம் போல மெல்லியதாகவும் இருக்கும். பிரான்ஸைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர் ரெனே லெ ஃபோர், இறந்தவர்களின் தலைகளில் சோதனை செய்து, நடுமுகம் பெரும்பாலும் மூன்று கோடுகளின் வழியாகவே முறிகிறது என்பதை 1901ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்றும் வைத்தியர்கள் அந்த முறிவுகளை அவரது பெயராலேயே அழைக்கிறார்கள்.

இவற்றில் மிகவும் நுணுக்கமான இடம் கண்குழி. வளர்ந்த ஒருவரின் கண்குழி ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் கொள்ளளவு கொண்டது. ஒரு பந்தோ முஷ்டியோ கண்ணில் பலமாகப் பட்டால், அதன் மெல்லிய அடித்தளம் உடைந்து கீழே இறங்கிவிடும். குழி பெரிதாகிவிடுவதால் கண் உள்ளே போகிறது. கொள்ளளவு 1 மில்லிலீற்றர் கூடினால் கண் சுமார் 1 மில்லிமீற்றர் உள்வாங்கும் என்பது பொதுவான கணக்கு. வித்தியாசம் 2 மில்லிமீற்றரைத் தாண்டினால் எதிரில் இருப்பவருக்கே அது தெரியத் தொடங்கிவிடும்.

முகத்தில் தழும்பு விழக்கூடாது என்பதற்காக நிபுணர்கள் வாயின் உட்புறத்திலும் கீழ் இமையின் உட்புறத்திலும் சிறிய வெட்டுகளையே இடுகிறார்கள். அந்தச் சிறிய வழியால் முழு எலும்பையும் பார்க்க முடியாது. கண்குழியின் ஆழத்தில் பார்வை நரம்பும் இருக்கிறது. இந்த இடத்தில்தான் கணினி உதவிக்கு வருகிறது.

இதன் அடிப்படை சீ.ரீ. ஸ்கேன். 1971இல் லண்டனில் முதன்முறையாக ஒரு நோயாளிக்கு இந்த ஸ்கேன் செய்யப்பட்டது. அதன் உருவாக்கத்துக்காக கொட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டும் அலன் கோர்மக்கும் 1979இல் நோபல் பரிசு பெற்றார்கள். இன்று சுமார் ஒரு மில்லிமீற்றர் இடைவெளியில் எடுக்கப்படும் படங்களை அடுக்கி, நோயாளியின் மண்டையோட்டைக் கணினித் திரையில் முப்பரிமாணத்தில் உருவாக்கலாம். பின்னர் காயப்படாத பக்கத்தைக் கண்ணாடியில் தெரிவது போலப் புரட்டி, உடைந்த பக்கத்தின் மேல் வைத்துப் பார்க்கிறார்கள். எந்தத் துண்டு எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது, அதை எங்கே கொண்டுவர வேண்டும் என்பது கத்தியைத் தொடும் முன்னரே தெரிந்துவிடுகிறது.

திருத்திய அந்த வடிவத்தை முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிட்டு, டைட்டேனியம் தகட்டை அதன் மீது வைத்து முன்கூட்டியே வளைத்துக்கொள்ளலாம். இதனால் சத்திரசிகிச்சைக் கூடத்தில் தகட்டை வளைத்து வளைத்துப் பொருத்திப் பார்க்கும் நேரம் மிச்சமாகும். அடுத்த படி வழிகாட்டிக் கருவி. வாகனத்தில் ஜீ.பி.எஸ். நாம் நிற்கும் இடத்தைக் காட்டுவது போல, நிபுணரின் கையிலுள்ள கருவியின் முனை எங்கே இருக்கிறது என்பதை அகச்சிவப்புக் கமராவின் உதவியுடன் ஸ்கேன் படத்தில் அது காட்டும். பொதுவாக அதன் பிழை 1 முதல் 2 மில்லிமீற்றர் வரை இருக்கும்.

இதைக் கேட்டு, கணினிதான் சத்திரசிகிச்சை செய்கிறது என்று எண்ணிவிடக்கூடாது. எலும்பை நகர்த்துவதும் பொருத்துவதும் நிபுணரின் கைதான். முகத்தின் இரு பக்கங்களும் நொறுங்கியிருந்தால் புரட்டிப் பார்ப்பதற்கு நல்ல பக்கமே இருக்காது. அப்போது பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் விதமும், விபத்துக்கு முந்தைய புகைப்படங்களும் உதவும். கீழ்த்தாடையில் ஏற்படும் சாதாரண முறிவுக்கோ, பற்களின் கடியைச் சரியாக அமைத்துச் சிறு தகடுகளைப் பொருத்தும் வழமையான முறையே பெரும்பாலும் போதுமானது.

எனவே எந்த இயந்திரத்தையும் விட முக்கியமானது நேரம். முக எலும்புகளைப் பொதுவாக இரண்டு வாரங்களுக்குள் சரிசெய்ய வேண்டும். பிந்தினால் அவை தவறான இடத்திலேயே ஒட்டத் தொடங்கும். பிறகு அவற்றை மீண்டும் வெட்டித்தான் திருத்த வேண்டிவரும். இங்கு இல்லாத இயந்திரத்தை வேறெங்கோ தேடி நாட்களைக் கடத்துவது நோயாளிக்கு நாமே செய்யும் தீங்கு.

சிறுவர்கள் விடயத்தில் இன்னும் அவதானம் தேவை. அவர்களது எலும்பு வளைந்து கொடுக்கும் தன்மையுடையது. கண்குழியின் தளம் திறந்து, மீண்டும் கதவு போல மூடிக்கொள்ளும்போது கண்ணை அசைக்கும் தசை அதற்குள் சிக்கிவிடலாம். வெளியே பார்த்தால் கண் சிவந்தும் இருக்காது, பெரிய வீக்கமும் இருக்காது. ஆனால் பிள்ளைக்குக் குமட்டலும் வாந்தியும் வரும், நாடித்துடிப்பு குறையும், மேலே பார்க்க முடியாது. இதைத் தலையில் பட்ட அடி என்றோ வயிற்றுக் கோளாறு என்றோ நினைத்துக் காத்திருந்தால் தசை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். பெரும்பாலும் ஓரிரு நாட்களுக்குள் சத்திரசிகிச்சை செய்யப்பட வேண்டும்.

நமது நாட்டின் பிரதான அரச வைத்தியசாலைகளில் வாய், முக, தாடை சத்திரசிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. அங்கு சிகிச்சை இலவசம். வழிகாட்டிக் கருவி விலை கூடியதுதான். ஆனால் படத்தைப் புரட்டித் திட்டமிடுவதற்கும் மாதிரி அச்சிடுவதற்கும் தேவைப்படுவது ஒரு கணினியும், மென்பொருளும், அச்சுப்பொறியும், பயிற்றப்பட்ட ஒருவருமே. வைத்தியசாலைகளுக்கு உபகரணங்களை அன்பளிப்புச் செய்யும் ஊர் அமைப்புகளும் தனவந்தர்களும், அங்குள்ள நிபுணர்களிடம் கேட்டறிந்து, இதையும் தமது பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

முகத்தில் பலத்த அடி பட்டால் கன்னத்தில் விறைப்பு, இரட்டைப் பார்வை, பற்கள் பொருந்தாமை, வாய் திறக்க முடியாமை ஆகியவற்றைக் கவனியுங்கள். ஒன்று இருந்தாலும் முக எலும்பு முறிந்திருக்கிறதா என்று வைத்தியரிடம் கேளுங்கள். பார்வை மங்கினால் ஒரு மணித்தியாலம் கூடத் தாமதிக்க வேண்டாம்; 1990 இலவச அம்பியுலன்ஸ் சேவையை அழையுங்கள். அதுவரை மூக்கைப் பலமாகச் சிந்த வேண்டாம், காற்று கண்குழிக்குள் புகக்கூடும். மோட்டார் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளுக்குத் தாடையையும் மூடும் முழு முகத் தலைக்கவசத்தையே வாங்கிக் கொடுங்கள். அதன் பட்டியைப் பூட்டிக்கொண்டுதான் புறப்படுகிறார்களா என்பதையும் பாருங்கள்.