நிலநடுக்கோட்டில் ஒரு பனிமலை

பாலோவில் நண்பகல் வெயிலில் ஒரு கிண்ணம் ஐஸ் காச்சாங் சாப்பிடுகிறீர்கள். பாதி முடிப்பதற்குள் மீதி கரைந்துவிடுகிறது. நம் ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 2 டிகிரி வடக்கே இருக்கிறது. இப்படிப்பட்ட வெப்ப மண்டலத்தில் இயற்கையான பனி இருக்க முடியுமா?

இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்குச் சுமார் 4 டிகிரி தெற்கே, இந்தோனேசியாவின் பாப்புவாவில் புஞ்சாக் ஜெயா என்னும் சிகரம் உள்ளது. அதன் உயரம் 4,884 மீட்டர். 1623-இல் டச்சு மாலுமி யான் கார்ஸ்டென்ஸ் கடலில் இருந்தபடியே அதன் வெண்பனியைக் கண்டார். ஐரோப்பாவில் பலர் அவர் சொன்னதை நம்பவில்லை.

காரணம் எளியது. மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறையும். காற்று விரிந்து குளிரும். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. கீழே 28 டிகிரி என்றால், அந்த உச்சியில் எவ்வளவு? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். விடை உறைநிலைக்குக் கீழே வரும்.

இந்தச் சிகரம் லோரென்ஸ் தேசியப் பூங்காவில் இருக்கிறது. பனிமலையிலிருந்து கடற்கரை வரை நீளும் இப்பூங்காவை யுனெஸ்கோ 1999-இல் உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. இங்கே 3,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் ஹபேமா ஏரி உள்ளது. 1938-இல் அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் ஆர்ச்போல்டின் குழு இந்த ஏரி நீரிலேயே விமானத்தை இறக்கியது.

இன்று வாமேனா நகரிலிருந்து சாலை வழியாக ஏரிக்குப் போகலாம். சுற்றிலும் புல்வெளி, குளிர்காற்று, எதிரே 4,700 மீட்டருக்கும் உயரமான திரிகோரா மலை. ஒரு காலத்தில் அதன் உச்சியிலும் பனிப்பாறை இருந்தது. 1960-களின் தொடக்கத்துக்குள் அது மறைந்துவிட்டது. இப்போது தெரிவது வெறும் பாறைதான். பனிப்பாறை எஞ்சியிருப்பது, மேற்கே தொலைவில் உள்ள புஞ்சாக் ஜெயாவில் மட்டுமே.

அதுவும் எவ்வளவு நாளைக்கு? 2010-இல் லோனி தாம்சன் தலைமையிலான விஞ்ஞானிகள் அங்கே பனியைத் துளைத்தனர். சுமார் 32 மீட்டரில் பாறை தட்டியது. துளைக்குள் கயிற்றில் கோத்த குழாய்த் துண்டுகளை இறக்கிவிட்டு வந்தனர். பனி கரையக் கரையத் துண்டுகள் வெளியே தெரியும், அதுவே அளவுகோல். 2015 வரை ஆண்டுக்குச் சுமார் 1 மீட்டர் பனி குறைந்தது. 2015-16 எல் நினோ காலத்தில் அந்த வேகம் ஏறத்தாழ ஐந்து மடங்கானது.

பூமி வெப்பமாவதால் அந்த உயரத்திலும் பனிக்குப் பதில் மழை பெய்கிறது. மழைநீர் பனிக்கு வெப்பத்தைக் கொடுக்கிறது. புதுப்பனி விழாவிட்டால் பழைய பனி மங்கி, வெயிலை அதிகமாக உறிஞ்சுகிறது. எஞ்சியிருக்கும் சிறு துண்டுகளும் சில ஆண்டுகளில் மறையும் என்று விஞ்ஞானிகள் எதிர்பார்க்கின்றனர்.

மாணவர்களே, வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே அளவுள்ள இரண்டு ஐஸ் கட்டிகளை இரண்டு வடிகட்டிகளில் வையுங்கள். ஒன்றின்மீது மட்டும் சாதாரணக் குழாய்நீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். எது முதலில் கரைகிறது, எத்தனை நிமிடம் முன்னதாக என்று குறித்துக்கொள்ளுங்கள். புஞ்சாக் ஜெயாவில் மழை செய்யும் வேலை உங்களுக்குப் புரியும்.