வெப்பமானி காட்டியது ஆறு

சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில், பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் நம் அன்பர் ஒருவரின் இல்லம் சென்றிருந்தோம். தமிழ் வழியில் பத்தாம் வகுப்புப் பயிலும் அவர் மகள் தன் ரசாயனக் குறிப்பேட்டைக் கொணர்ந்து காட்டினாள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலையும் சம அளவில் கலந்ததாகவும், வெப்பநிலை 6.8 டிகிரி உயர்ந்ததாகவும் முத்து முத்தாக எழுதியிருந்தாள்.

“வெப்பமானியில் டிகிரிக்கு எத்தனை கோடு, அம்மா?” என்று வினவினோம்.

“ஒன்றுதான், மாமா.”

அவ்வாறாயின் 6.8 எங்ஙனம் கண்ணுக்குப் புலப்பட்டது? பெண் தலை கவிழ்ந்தாள். கண்டது ஆறு, வழிகாட்டி நூலில் இருந்தது 6.8. ஆறு என்று எழுதினால் மதிப்பெண் போய்விடுமோ என்று அஞ்சியிருக்கிறாள். எல்லையோரத்தில் வாழும் நம் பிள்ளைகளுக்கு இவ்வச்சம் சற்று மிகுதி. வகுப்பில் அமிலம், காரம், நடுநிலையாக்கல் என்று கற்பவர்கள், வெளியே வந்தால் ஆசிட், ஆல்க்கலி, நிர்வீரீகரணம் என்று கேட்கின்றனர். வீட்டிலே பாட்டி அதனையே திராவகம் என்கிறாள். எதற்கும் நூலில் உள்ளதையே எழுதிவிடுவோம் என்று பிள்ளைகள் எண்ணுவதில் வியப்பில்லை. ஆயினும், அந்த ஆறு பிழையன்று என்பதை அவளுக்குக் காட்ட விரும்பினோம்.

அமிலத்தில் உள்ள ஹைட்ரஜன் அயனியும் காரத்தில் உள்ள ஹைட்ராக்சைடு அயனியும் கூடி நீராகின்றன. அவ்வாறு ஒரு மோல் நீர் உண்டாகும்போது சுமார் 57 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும். அவள் எடுத்தவை ஒரு மோலார் செறிவுள்ள கரைசல்கள், ஒவ்வொன்றும் 50 மில்லிலிட்டர். உண்டாகும் நீர் 0.05 மோல், வெப்பம் 2,850 ஜூல். நூறு கிராம் நீரை ஒரு டிகிரி உயர்த்த 418 ஜூல் வேண்டும். வகுத்துப் பார்த்தால் 6.8 வரும். நூலின் கணக்கு இதுவே.

ஆனால் அக்கணக்கில் குவளை இல்லை! கண்ணாடியும் சூடாக வேண்டுமன்றோ? ஐம்பது கிராம் எடையுள்ள குவளையை ஒரு டிகிரி உயர்த்தச் சுமார் 40 ஜூல் செலவாகும். 2,850ஐ 458ஆல் வகுத்தால் 6.2. காற்றோடு போனது போக, டிகிரிக்கு ஒரு கோடுள்ள வெப்பமானி ஆறு என்றுதான் காட்டும். அது காட்டியது உண்மை. 6.8ஐ நெருங்க வேண்டுமாயின், தெர்மோகோல் குவளையில் கலந்து, மேலே மூடியிட்டு, அரை டிகிரிக் கோடுள்ள வெப்பமானியை வைத்தல் வேண்டும். கலக்குமுன் இரு கரைசல்களின் வெப்பநிலையையும் தனித்தனியே குறித்தல் அதனினும் முக்கியம். ஒரு புட்டி சன்னலோர வெயிலில் இருந்திருந்தால் கணக்கு முழுவதும் கெடும்.

உடனிருந்த தம்பி, “இரண்டையும் நூறு நூறு மில்லிலிட்டர் எடுத்தால் பன்னிரண்டு டிகிரி ஏறுமா?” என்று கேட்டான். நல்ல கேள்வி. ஏறாது. வெப்பம் இரட்டிக்கும்; சூடாக வேண்டிய நீரும் இரட்டிக்கும். செறிவைப் பாதியாக்கினாலோ உயர்வும் பாதியாகும்.

மூணாற்றுக் குளிர்காலக் காலையில் பதினாறு டிகிரியில் தொடங்கும் மாணவனும், கொழிஞ்சாம்பாறைக் கோடையில் முப்பத்து மூன்றில் தொடங்கும் மாணவியும் காணும் இறுதி எண்கள் வெவ்வேறு; உயர்வு ஏறக்குறைய ஒன்றே. நாம் அளப்பது வெப்பநிலையை அன்று, அதன் மாற்றத்தை. பிள்ளைகள் பலர் இறுதி எண்ணை மட்டும் எழுதித் தவறுவது இங்கேதான்.

இவ்வகை அளவீடுகளைச் செய்து 1840-இல் புகழ்பெற்ற விதியொன்றைக் கண்டவர் ஹெஸ். 1802-இல் ஜெனீவாவில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் ருஷ்யாவில் குடியேறியவர்; குடியேறிய நாட்டின் மொழியிலேயே ரசாயனப் பாடநூல் எழுதியவர். கந்தக அமிலத்தில் முன்கூட்டியே எவ்வளவு நீர் கலந்தாலும், கலந்தபோது எழுந்த வெப்பத்தையும் பின்னர் அமோனியாவுடன் சேர்த்தபோது எழுந்த வெப்பத்தையும் கூட்டினால் தொகை மாறுவதில்லை என்று அளந்து கண்டார். எவ்வழியிற் சென்றாலும் மொத்த வெப்பம் ஒன்றே என்பது அவர் விதி.

நம் மண்ணிலும் இவ்வேதிவினை நிகழ்கிறது. இடுக்கி மலைத் தோட்டங்களின் அமில மண்ணுக்குச் சுண்ணாம்பு இடுகிறோம். மண்ணும் மழைநீரும் ஏராளமாதலாலும், வினை மெல்ல நடப்பதாலும் சூடு தெரிவதில்லை. சித்தூர் வட்டத்துக் கருமண்ணோ பெரும்பாலும் கார இயல்பினது. அங்கே சுண்ணாம்புக்கு வேலையில்லை.

அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் பள்ளிக்கூடத்தோடு நிற்கட்டும், வீட்டில் வேண்டா. ஆர்வமுள்ள பிள்ளைகள் எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடா இட்டுப் பார்க்கலாம். நுரை பொங்கும், வெப்பமானியோ இறங்கும்! அங்கே கரியமில வாயு பிரிந்து போவதற்கும் வெப்பம் செலவாகிறது. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது.

பெண் குறிப்பேட்டில் 6.8ஐ அடித்துவிட்டு 6 என எழுதி, அருகே குவளையின் கணக்கையும் சேர்த்தாள். நம் குடும்பத்துப் பிள்ளைகள் யாவரும் தத்தம் ஊரில் கண்ட தொடக்க எண்ணையும் இறுதி எண்ணையும், குவளை எத்தகையது என்பதையும் எழுதியனுப்பலாம். ஆறோ, ஐந்தரையோ, கண்டபடியே எழுதுக.