மின்சுற்றுப் பாடம்: மனப்பாடம் செய்தால் கைகொடுக்காது

பிளஸ் டூ இயற்பியலில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளையிடம் ஒரு 9 வோல்ட் பேட்டரியையும் ஒரு சிறிய சிவப்பு எல்.இ.டி.யையும் கொடுத்து, எரிய வைக்கச் சொல்லிப் பாருங்கள். பலர் இரண்டையும் நேராக இணைத்துவிடுவார்கள். எல்.இ.டி. பளிச்சென்று எரிந்து, அத்துடன் கெட்டுப்போகும். தேர்வில் ஓம் விதியைப் பிழையில்லாமல் எழுதிய அதே பிள்ளைதான் இது. டிப்ளமோ, பொறியியல் என்று சேர்ந்தபின் சர்க்யூட் தியரியில் அரியர் வைப்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

அடிப்படையில் தெரிய வேண்டியவை மூன்றே விதிகள். ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்த ஓம், 1827-ல் வெளியிட்டது முதலாவது: மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். மற்ற இரண்டையும் 1845-ல் சொன்ன கிர்க்காஃப் அப்போது 21 வயது மாணவர். ஒரு சந்திப்புக்குள் நுழையும் மின்னோட்டமெல்லாம் அதிலிருந்து வெளியேறியாக வேண்டும் என்பது ஒன்று. ஒரு சுற்றை முழுதாகச் சுற்றி வந்தால், பேட்டரி கொடுத்த வோல்ட் முழுவதும் வழியிலேயே செலவாகியிருக்க வேண்டும் என்பது இன்னொன்று. வீட்டு வரவு செலவுக் கணக்கு போலத்தான்.

இப்போது அந்த எல்.இ.டி.க்கு வருவோம். பேட்டரி தருவது 9 வோல்ட். சிவப்பு எல்.இ.டி. எடுத்துக்கொள்வது ஏறக்குறைய 2 வோல்ட். மீதி 7 வோல்ட் எங்கே போகும்? அது செலவாக ஒரு ரெசிஸ்டர் வேண்டும். 15 மில்லி ஆம்பியர் போதும் என்றால், 7-ஐ 0.015-ஆல் வகுக்க, சுமார் 467 ஓம். கடையில் கிடைப்பது 470 ஓம். மஞ்சள், ஊதா, பழுப்புக் கோடுகள் போட்டிருக்கும். இந்தச் சிறு கணக்கிலேயே இரண்டு விதிகள் வந்துவிட்டன.

மிக்ஸி பழுது பார்க்கும் கடைக்காரர் இதை வேறு விதமாகச் செய்கிறார். பழுது நீக்கிய மிக்ஸியை நேராக மின்சாரத்தில் மாட்டாமல், இடையில் ஒரு 100 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்து சுவிட்ச் போடுவார். உள்ளே ஷார்ட் இருந்தால் 230 வோல்ட்டும் பல்பின்மேல் விழுந்து அது முழு வெளிச்சத்தில் எரியும், ஃபியூஸ் போகாது. கிர்க்காஃப் பெயரை அவர் கேள்விப்படாமலே இருக்கலாம். எல்.இ.டி. பல்பு இந்த வேலைக்கு உதவாது என்பதால்தான் பழைய குண்டு பல்பைப் பத்திரமாக வைத்திருக்கிறார்!

சந்திப்பு விதிக்கு உதாரணம் நம் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது. அது உயிர் காக்கும் உதாரணம். எம்.சி.பி. பெட்டியில் ஆர்.சி.சி.பி. என்றொரு கருவி இருக்கும். ஃபேஸ் கம்பியில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று அது இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. வாஷிங் மெஷினில் கசிவு ஏற்பட்டு, ஈரக் கையோடு ஒருவர் தொட்டால், போனதில் ஒரு பகுதி அவர் உடல் வழியே தரைக்குப் போய்விடும். திரும்பியது குறைகிறது. வீடுகளுக்கான கருவியில் அந்த வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் இணைப்பு துண்டிக்கப்படும். எம்.சி.பி. இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இந்தக் கசிவு தெரியவே தெரியாது. அது வயரைக் காப்பது. ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி.

எலக்ட்ரானிக்ஸ் இதன்மேல் கட்டப்படுவதுதான். டயோடு மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும். கெப்பாசிட்டர் கொஞ்சம் சேமித்து வைத்துத் திருப்பித் தரும். டிரான்சிஸ்டரில் ஒரு சிறிய மின்னோட்டம் பெரிய மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். செல்போன் சார்ஜருக்குள் இந்த மூன்றும் உண்டு.

கற்றுக்கொள்ள ஒரு சாதாரண மல்டிமீட்டர், பிரெட்போர்டு, கொஞ்சம் ரெசிஸ்டர்கள், ஒரு 9 வோல்ட் பேட்டரி போதும். சில நூறு ரூபாய்தான் ஆகும். முதலில் தாளில் கணக்குப் போட்டு, பிறகு அளந்து பார்க்க வேண்டும். விடை சரியாக ஒத்துப்போகாதபோதுதான் படிப்பே தொடங்குகிறது. பேட்டரியின் வோல்ட் இறங்கியிருக்கும், அல்லது ரெசிஸ்டர் 5 சதவீதம் கூடக் குறைய இருக்கும். பொருட்கள் வாங்க வழியில்லை என்றால், கணினியில் டிங்கர்கேட் தளத்திலேயே இலவசமாகச் சுற்றமைத்துப் பார்க்கலாம். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் என்.பி.டி.இ.எல். பாடங்களைப் பார்க்கவும் கட்டணமில்லை. வீட்டு மேசையில் செய்யக்கூடிய வேலை இது. பெண் பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். ஆனால் ஆம்பியர் அளக்கும் நிலையில் மீட்டரை வைத்துக்கொண்டு பேட்டரியின் இரு முனைகளையும் நேராகத் தொடக்கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். வீட்டு பிளக் பாயிண்ட் பக்கம் பிள்ளைகள் போகவே கூடாது.

அந்தப் பிளக் பாயிண்டைப் பொறுத்தவரை பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று எழுதிய சிறிய பொத்தான் இருக்கும். கருவிக்குள்ளேயே ஒரு கசிவை உண்டாக்கிச் சோதிக்கும் பொத்தான் அது. மாதம் ஒருமுறை அழுத்துங்கள். மின்சாரம் நிற்கவில்லை என்றாலோ, பெட்டியில் அப்படியொரு கருவியே இல்லை என்றாலோ, அன்றைக்கே எலக்ட்ரீஷியனை வரச் சொல்லுங்கள்.